யாக்கோபு ஏன் பேசவில்லை?



பிழைப்பின் நிமித்தம் ஊரைவிட்டு மும்பை போன்ற பட்டணங்களில் வந்து குடியேறிய நம்மில் எல்லாருக்கும் ஞாயிறு ஓய்வுநாளாக வாய்ப்பதில்லை. மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர், அடுக்குமாடி வாசலில் நிற்கும் காவலாளி, ஓட்டலில் சமையல் செய்யும் சகோதரர் ஆகியோர் ஆராதனை நேரத்தில் வேலையில் இருக்கிறார்கள். படியிறங்க இயலாத முதியோரோ வீட்டிலேயே இருக்கிறார்கள். இவர்களை மனதில் கொண்டு, 2009 முதல் எங்கள் சபையில் செய்திகளையும் சாட்சிகளையும் ஒலிப்பதிவு செய்து, சபையின் இணையதளத்தில் வைத்து வருகிறோம். நானூறுக்கு மேற்பட்ட பதிவுகள் அதில் உள்ளன. சாட்சி சொன்னவர்களில் சிலர் இன்று நம்மோடு இல்லை. அவர்களுடைய குரல் அவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பதிவில் மாத்திரமே மிஞ்சியிருக்கிறது.

இந்தப் பதிவுகள் ஒரு சமயம் ஒலிக்காமற்போயின. அதைச் சரிசெய்தபோது நாங்கள் கற்றுக்கொண்டது, சிறிய இணையதளம் வைத்திருக்கும் பிற சபையாருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கடைப்பையனும் கிடங்கும்

இணையதளத்தில் ஒலிப்பதிவை இயக்கிக் காட்டுவது செருகுநிரல் எனப்படும் சிறு நிரல். 'பிளக்இன்' என்று வாலிபர்கள் சொல்வது இதைத்தான். பலரும் நினைப்பதுபோல ஒலிப்பதிவுகள் இதற்குள் இருப்பதில்லை. மளிகைக் கடையில் நாம் கேட்ட சாமானைச் சீட்டைப் பார்த்துப் பின்கிடங்கிலிருந்து எடுத்துவரும் பையனைப் போன்றது இது. சீட்டு என்பது தளத்தின் தரவுத்தளத்திலுள்ள பட்டியல். கிடங்கு என்பது சர்வர். சீட்டில் எழுதியுள்ள பெயரைச் சொல்லிச் சர்வரிடம் கேட்பதே செருகுநிரலின் வேலை.

பையன் வெறுங்கையோடு திரும்பினால், 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவான். கிடங்கில் அந்தச் சாமான் இல்லையா, அறை பூட்டியிருந்ததா, சீட்டில் பெயர் தவறா என்பதை அந்த ஒரு வார்த்தையிலிருந்து நாம் அறிய முடியாது. எங்கள் தளத்திலும் திரையில் வந்தது ஒரே வாக்கியம்: 'கோப்பை ஏற்ற இயலவில்லை.' ஆனால் அதன் பின்னால் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருந்தன என்பது பிறகே தெரியவந்தது.

இடம் மாறிய நாட்கள்

2022-இல், நாங்கள் பயன்படுத்தி வந்த விண்டோஸ் சர்வர் சேவை நிறுத்தப்பட்டதால், தளத்தை வேறொரு நிறுவனத்தின் லினக்ஸ் சர்வருக்கு மாற்ற நேர்ந்தது. சபையின் சகோதரர் ஒருவர் அன்போடு முன்வந்து எல்லாப் பதிவுகளையும் தம் கணினியில் இறக்கி, புதிய சர்வரில் ஏற்றித் தந்தார். பட்டியலும் அப்படியே வந்து சேர்ந்தது. தளம் முன்போலவே காட்சியளித்தது. ஆனால் பொத்தானை அழுத்தினால் சில பதிவுகள் ஒலித்தன, பல ஒலிக்கவில்லை.

ஆலோசனை கேட்டோம். கட்டணம் வாங்கிச் சரிசெய்து தரும் ஒருவர், செருகுநிரல் கெட்டுவிட்டது, அதை நீக்கிவிட்டு விலை கொடுத்து வேறொன்று வாங்குங்கள் என்றார். மற்றொருவர், கோப்புகளின் அனுமதியை 777 என்று மாற்றிவிட்டால் எல்லாம் திறந்துகொள்ளும் என்றார். இரண்டும் ஆபத்தான ஆலோசனைகள். சில செருகுநிரல்கள் நீக்கப்படும்போது தங்கள் பட்டியலையும் தரவுத்தளத்திலிருந்து அழித்துவிடும். அப்படியானால் யாருடைய சாட்சி எந்தக் கோப்பு என்பதே தெரியாமற்போய்விடும். 777 என்பதோ, அந்தச் சர்வரில் நுழையக்கூடிய எவரும் நம் கோப்புகளை மாற்றி எழுதலாம் என்று கதவைத் திறந்து வைப்பது.

எங்கள் சபையில் மென்பொருள் சோதனை செய்யும் வேலையிலுள்ள வாலிபர் ஒருவர் உண்டு. அவர் சொன்னார்: "ஐயா, எதையும் நீக்க வேண்டாம். முதலில் கோப்புகளுக்கு ஒரு நகல், பட்டியலுக்கு ஒரு நகல் தனித்தனியே எடுத்து வைப்போம். அதன்பின் செருகுநிரல் சொல்வதை விட்டுவிட்டு, சர்வர் என்ன பதில் சொன்னது என்று பார்ப்போம்."

சர்வரின் பதில்

கணினியில் குரோம் உலாவியைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தினால் ஒரு பகுதி திறக்கும். அதில் 'நெட்வொர்க்' என்ற பிரிவைத் தேர்ந்துகொண்டு பக்கத்தை மீண்டும் ஏற்றி, ஒலிக்காத பதிவின் பொத்தானை அழுத்த வேண்டும். உலாவி கேட்ட ஒவ்வொரு கோப்பின் பெயரும், அதற்குச் சர்வர் கொடுத்த எண்ணும் வரிசையாக வரும்.

200 என்றால் கோப்பு கிடைத்தது. 206 என்றால் கேட்ட பகுதி கிடைத்தது; ஒலிப்பதிவுகளைப் பகுதி பகுதியாக வாங்குவது வழக்கமாதலால் இது நல்ல பதிலே. 404 என்றால் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. 403 என்றால் கோரிக்கை புரிந்தது, ஆனால் தர அனுமதி இல்லை. 500 என்றால் சர்வரிலேயே உட்கோளாறு. இந்த எண்ணைப் பார்க்காமல் செய்யும் எந்தப் பழுதுபார்ப்பும், நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதுவதற்குச் சமம்.

எங்கள் தளத்தில் ஒலிக்காத பதிவுகளில் சிலவற்றிற்கு 403 வந்தது, மற்றவற்றிற்கெல்லாம் 404.

முதற்காரணம்: பூட்டிய அறை

403 வந்த கோப்புகளின் அனுமதி எண் 600 என்றிருந்தது. இதில் முதல் இலக்கம் கோப்பின் உரிமையாளருக்கு, இரண்டாவது அவருடைய குழுவுக்கு, மூன்றாவது மற்ற அனைவருக்கும் உரியது. வாசிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டிக்கொள்ள வேண்டும். 600 என்றால் உரிமையாளரைத் தவிர வேறெவரும் வாசிக்க முடியாது. கோப்புகளை வெளியே எடுத்துத் தரும் நிரல் எங்கள் சர்வரில் வேறொரு பயனராக இயங்குவதால் அதற்கும் கதவு பூட்டியிருந்தது. கோப்புகளுக்கு 644, அடைவுகளுக்கு 755 என்று வைத்ததும் அவை ஒலித்தன. 777-க்கு அவசியமே ஏற்படவில்லை.

இரண்டாம் காரணம்: பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

404 வந்தவற்றில் ஒரு பகுதிக்கான காரணம் விரைவில் தெரிந்தது. எங்கள் ஒலிப்பதிவுக் கருவி, கோப்புப் பெயரின் முடிவிலுள்ள 'எம்பி3' என்ற ஒட்டை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதும். பட்டியலில் அது சிறிய எழுத்தில் இருந்தது. விண்டோஸ் பொதுவாக இவ்விரண்டையும் ஒன்றாகவே பாவிக்கும். லினக்ஸுக்கோ அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். பழைய இடத்தில் பல ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாத வேறுபாடு, புதிய இடத்தில் தடையாகிவிட்டது.

வேதாகமக் கல்லூரியில் எபிரெய எழுத்துகளைக் கற்ற நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. தாலெத், ரேஷ் என்னும் இரண்டு எழுத்துகளும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே. மூலையில் ஒரு சிறு நீட்சி மாத்திரமே வேறுபாடு. உபாகமம் 6:4-இல் 'ஒன்று' எனப் பொருள்படும் 'எகாத்' என்ற சொல்லின் கடைசி எழுத்தாகிய தாலெத்தை வேதபாரகர் மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக எழுதி வந்தனர். அதை ரேஷ் என்று வாசித்தால் 'வேறொன்று' என்று பொருள் மாறிவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. எழுத்தின் அளவும் வடிவும் அற்பமானவை அல்ல என்பதைப் பிரதியெடுத்தவர்கள் அறிந்திருந்தார்கள். லினக்ஸும் அவ்விதமே கண்டிப்பானது.

மூன்றாம் காரணம்: யாக்கோபின் மௌனம்

இவ்விரண்டையும் சரிசெய்த பின்னும் நூற்றுக்கு மேற்பட்ட பதிவுகள் ஒலிக்கவில்லை. கோப்புகள் சர்வரில் கண்முன்னே இருந்தன. அனுமதி சரியாயிருந்தது. தமிழில் எழுதிய பெயர்களும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தன. ஆயினும் சர்வர் 404 என்றே சொன்னது. செருகுநிரலை மாற்றித்தான் ஆக வேண்டுமோ என்று எங்களுக்கும் தோன்றத் தொடங்கிற்று.

அவ்வாரத்தில் கண்பார்வை மங்கி வீட்டிலிருக்கும் வயதான தாயார் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பேத்தி கைபேசியில் போட்டுக் கொடுக்க, அவர் ஒவ்வொன்றாகக் கேட்பது வழக்கம். "பாஸ்டர் ஐயா, ஆபிரகாம் பேசுறாரு, ஈசாக்கு பேசுறாரு. யாக்கோபு மட்டும் வாயே திறக்கமாட்டேங்கிறாரு. தாவீது, ரூத், எஸ்தர் எல்லாம் கேட்டாச்சு. மோசே இல்லை, யோசேப்பு இல்லை, யோபு இல்லை, யோனா இல்லை. ஏன் ஐயா அவங்களை மட்டும் எடுத்துட்டீங்க?" என்றார்.

அவர் சொன்ன பெயர்களை அப்படியே தாளில் இரண்டு வரிசையாக எழுதினேன். ஒலிக்காத பெயர் ஒவ்வொன்றிலும் ஒகர அல்லது ஓகார உயிர்மெய் இருந்தது. ஒலித்த பெயர் ஒன்றிலும் அது இல்லை. தாளை அந்த வாலிபரிடம் கொடுத்தேன். அவர் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "ஐயா, ஓசியா என்ற செய்தி உண்டா?" என்று கேட்டார். போட்டுப் பார்த்தோம், ஒலித்தது. அவர் முகம் மலர்ந்தது. ஓசியாவில் 'ஓ' சொல்லின் முதலில் தனி உயிரெழுத்தாக நிற்கிறது. அது உயிர்மெய் அன்று.

விளக்கம் இதுவே. 'கோ' என்ற எழுத்தைக் கையால் எழுதும்போது இரட்டைக்கொம்பு, ககரம், துணைக்கால் என மூன்று குறிகள் இடுகிறோம். கணினியின் யூனிகோடு முறையில் இந்த ஓகாரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்க இடமுண்டு. கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடுகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சில கணினிகளின் பழைய கோப்பு முறை, பெயரைச் சேமிக்கும்போது தானாகவே அதைப் பிரித்து எழுதிவிடும். எங்கள் பதிவுகள் இடம் மாறும் வழியில் அத்தகைய கணினி ஒன்றில் தங்கின. பட்டியலில் சேர்ந்த ஓகாரம், சர்வரிலோ பிரிந்த ஓகாரம்.

எண்ணிப் பார்த்தே இதை உறுதிசெய்தோம். இணைய முகவரியில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் விழுக்காட்டுக் குறிகளோடு கூடிய 9 எழுத்துகளாக மாறும். பட்டியல் கேட்ட 'யாக்கோபு' 8 குறியீடுகள், அதாவது 72 எழுத்துகள். சர்வரிலிருந்த 'யாக்கோபு' 9 குறியீடுகள், 81 எழுத்துகள். 'ஆபிரகாம்' இரு இடத்திலும் 72 எழுத்துகளே. கண் காணாத வேறுபாட்டை எண்ணிக்கை காட்டிக்கொடுத்தது.

செய்த மாற்றம்

கோப்புப் பெயர்களில் தமிழை நீக்கிவிட்டு, ஆண்டு, மாதம், தேதி என இலக்கங்களில் பெயரிட முடிவு செய்தோம். ஒட்டு முழுவதும் சிறிய எழுத்தில். கேட்பவர் கண்ணுக்குத் தெரியும் தலைப்பு பட்டியலில் தமிழிலேயே இருக்கிறது. முதலில் ஐந்து கோப்புகளில் மாத்திரம் செய்து, கைபேசியில் ஒலிக்கிறதா என்று பார்த்து, பின்பே மற்றவற்றை மாற்றினோம். செருகுநிரலை நீக்கவுமில்லை, புதிதாக எதையும் விலைக்கு வாங்கவுமில்லை.

சபைகளுக்குச் சில குறிப்புகள்

1. எதைத் தொடுமுன்னும் கோப்புகளையும் பட்டியலையும் தனித்தனியே நகலெடுங்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது.

2. சர்வர் தந்த எண்ணைப் பாருங்கள். எண் 200 என்றிருந்தும் ஒலிக்காவிடில், வந்த கோப்பின் வகையைப் பாருங்கள். சில சர்வர்கள் கோப்பு இல்லாதபோது ஓர் அறிவிப்புப் பக்கத்தை அனுப்பி 200 என்று சொல்லிவிடும். செருகுநிரலால் அதை ஒலியாக்க முடியாது.

3. தளம் 'எச்டிடிபிஎஸ்' முகவரியிலும், பட்டியல் பழைய 'எச்டிடிபி' முகவரியிலும் இருந்தால் தடை வரலாம். குரோம் உலாவி 2020 முதல் இத்தகைய ஒலிக்கோப்புகளைப் பாதுகாப்பான முகவரியில் கேட்டுப் பார்த்து, கிடைக்காவிடில் கைவிடுகிறது. பட்டியலிலுள்ள முகவரிகளைத் திருத்திவிடுங்கள்.

4. செருகுநிரல் மிகப் பழையதாயிருந்து ஃபிளாஷ் வழியாக இயங்குவதானால், அதைத் திருத்த முயல வேண்டாம். ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. இங்கே செருகுநிரலை மாற்றுவதே சரி.

5. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மாத்திரம் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் விசைகளைச் சேர்த்து அழுத்திப் பக்கத்தைப் புதிதாக ஏற்றுங்கள். இல்லாவிடில் உலாவி சேமித்து வைத்த பழைய நகலையே காட்டி உங்களை மயக்கக்கூடும்.

6. சரியாகிவிட்டது என்று சொல்லுமுன், நிர்வாகியாக உள்நுழையாத வேறொரு கைபேசியில் கேட்டுப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. கருவிகளும் எண்களும் காட்டாத ஒற்றுமையை எங்களுக்குக் காட்டியது, பதிவுகளை விடாமல் கேட்டு வந்த ஒரு தாயாரின் காது. 'ஓடவில்லை' என்று ஒருவர் முறையிட்டால், எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று பொறுமையாய்க் கேட்டு இரண்டு வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். கணினி அறியாதவர் என்று அவரை ஒதுக்காதேயுங்கள். யாக்கோபு ஒலிக்கத் தொடங்கிய மாலையில் அந்தத் தாயாரை அழைத்துச் சொன்னேன். அவர் அதற்கு முன்பே கேட்டு முடித்து, யோசேப்பில் பாதி வந்திருந்தார்.