கார்டு செல்லாத டாக்டர்

உங்கள் வீட்டு பீரோவில், ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை ஒன்று இருக்கலாம். இருந்தால் எடுத்து ஒருமுறை பாருங்கள். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸில் வரிசையில் நின்று, போட்டோவுக்கு முகம் காட்டி வாங்கிய அட்டை. இப்போது ஒரு வாரமாகத் தலைசுற்றல், ராத்திரி நாலு தடவை பாத்ரூம், பாதத்தில் எரிச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அட்டையைக் காட்டினால் ஃபீஸ் வாங்காமல் உட்காரவைத்துப் பார்க்கிற பிஸிஷியன் ஒருவரை, ஏதாவது தனியார் ஆஸ்பத்திரியில் தேடுங்கள். கிடைத்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

நான் தேடியது எங்கள் தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி செய்கிறவருக்காக. வயது ஐம்பத்திரண்டு. மேலே சொன்ன தலைசுற்றல், எரிச்சல் எல்லாம் அவருடையதுதான். அட்டையை லேமினேட் செய்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். ‘காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் சிகிச்சை அளிக்கப்படும்’ என்று வாசலில் ஆள் உயரத்துக்கு போர்டு வைத்திருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் போனோம்.

கவுன்ட்டரில் இருந்த பெண் அட்டையை வாங்கி, திருப்பிப் பார்த்து, மரியாதையாகத்தான் சொன்னாள். “ஓ.பி.க்கு இது செல்லாதுங்க ஐயா. அட்மிஷன்னா சொல்லுங்க, ஆபரேஷன்னா சொல்லுங்க, பார்த்துக்கலாம். டாக்டரைப் பார்க்கணும்னா நானூறு ரூபா. டெஸ்ட்டுக்குத் தனி.”

இவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்போ கால் அழுகினப்புறம் வரட்டுங்களா?”

அந்தப் பெண் என்ன பண்ணுவாள்? திட்டமே அப்படி. 2007-ல் ஆந்திராவில் ராஜசேகர ரெட்டி ஆரோக்யஸ்ரீயைக் கொண்டுவந்தார். (அவரே எம்.பி.பி.எஸ். படித்தவர் என்பதைக் கவனிக்க.) 2009 ஜூலையில் இங்கே கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் அது முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாகி, 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு சேர்ந்து, குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் என்றானது. 2022-ல் வருமான வரம்பை 72 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சத்து 20 ஆயிரத்துக்கு உயர்த்தினார்கள். 2024-ல் எழுபது வயது தாண்டிய எல்லோருக்கும் உண்டு என்று மத்திய அரசு சொன்னது. பெயர் மாறியது, தொகை ஏறியது. ‘படுத்தால்தான் பணம்’ என்கிற அடிப்படை மட்டும் அசையவில்லை.

திட்டத்தைக் குறை சொல்வது சுலபம். பைபாஸ் செய்துகொண்டு, வீட்டை அடமானம் வைக்காமல் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களைக் கேட்டால் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஸ்டென்ட் வைத்தால் ஃபிலிம் இருக்கும், பில் இருக்கும். சரிபார்த்துப் பணம் கொடுக்கலாம். பிஸிஷியன் கொடுப்பது என்ன? பத்து நிமிடப் பேச்சு, ஒரு சீட்டு, ‘அரிசியைக் குறைங்க’ என்கிற அதட்டல். இதற்கு ஃபிலிம் ஏது? முந்நூறு, நானூறு ரூபாய் பில்கள் லட்சக்கணக்கில் வந்து விழுந்தால் எது நிஜம், எது பொய் என்று யார் பார்ப்பது? நியாயமான பயம்தான்.

ஆனால் மருத்துவத்துக்காக நம் குடும்பங்கள் கைக்காசில் செய்யும் செலவில் பெரும்பங்கு ஆபரேஷனுக்குப் போவதில்லை. ஓ.பி. ஃபீஸுக்கும் மாத்திரைக்கும்தான் போகிறது. அதாவது எங்கே பணம் கரைகிறதோ அங்கே அட்டை செல்லாது. சர்க்கரையைக் கண்டுபிடிக்கிற டாக்டருக்குக் காசு கிடையாது. சர்க்கரை முற்றிக் காலை எடுக்கிற டாக்டருக்கு உண்டு.

‘பொது மருத்துவர்’ என்கிற பெயரும் அவருக்கு எதிரி. பொதுக்குழாய், பொதுக்கழிப்பறை என்றெல்லாம் கேட்டு, பொது என்றால் மட்டம் என்று நமக்குப் பழகிவிட்டது. நிஜத்தில் அவர் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் மூன்று வருஷம் எம்.டி. படித்தவர். இருதயம், சிறுநீரகம், நரம்பு என்று ஆளாளுக்கு ஒரு பாகத்தைப் பிரித்துக்கொண்ட பிறகு, மிச்சம் இருக்கிற முழு மனிதனைப் பார்க்கிறவர்.

வெளிநாட்டில் எப்படி? அமெரிக்காவில் 1965-ல் வந்த மெடிகெய்டு ஏழைகளுக்கானது. ஓ.பி.க்கும் செல்லும். ஆனால் அரசு தருகிற ஃபீஸ் குறைச்சல் என்று அங்கே பல டாக்டர்கள் புது மெடிகெய்டு நோயாளியைச் சேர்த்துக்கொள்வதில்லை. போன் போட்டுப் போட்டுத் தேட வேண்டும். தாய்லாந்துக்காரர்கள் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். 2001-ல் தொடங்கிய முப்பது பாட் திட்டத்தில் ஓ.பி.க்குத் தலைக்கு இவ்வளவு என்று ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே பணம் கொடுத்துவிடுகிறார்கள். பில்லை எண்ண வேண்டியதில்லை. நம்மிடமும் ஓ.பி.யைச் சேர்த்த ஒரு காப்பீடு இருக்கிறது, இ.எஸ்.ஐ. 1948 சட்டம். ஆனால் சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தால்தான். இஸ்திரி வண்டிக்கு ஏது சம்பளப் பட்டியல்?

ஆகவே ஜி.ஹெச்.தான். அங்கே அட்டையே தேவையில்லை, எம்.டி. படித்த டாக்டர் இலவசம். விலை வேறு விதத்தில் இருக்கிறது. காலை ஏழரைக்குச் சீட்டு வாங்க நின்று, ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு மறுபடி கொடுத்து, ரிசல்ட்டுக்குக் காத்திருந்து, டாக்டர் முன் உட்காரும்போது மணி பன்னிரண்டே கால். அன்றைய இஸ்திரி போச்சு. வெறும் வயிற்றில் 286. டாக்டருக்கு என் பெண் வயசுதான் இருக்கும். பின்னால் நாற்பது பேர் நிற்க, மூன்று நிமிடம்தான் கொடுத்தார். ஆனால் அந்த மூன்று நிமிடத்தில், யாரும் சொல்லாமலே, செருப்பைக் கழற்றச் சொல்லிக் குனிந்து பாதத்தைப் பார்த்தார். கட்டைவிரல் இடுக்கில் ஒரு சின்ன வெடிப்பு. இஸ்திரிக்காரருக்கே அது தெரியாது, வலிக்கவில்லையாம். “வலிக்காததுதாங்க பிரச்னை” என்றார் டாக்டர்.

எந்தக் காப்பீட்டிலும் கணக்கில் வராத வேலை அது.

நீங்களும் ஜி.ஹெச். போவதானால், சர்க்கரை டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றோடு போங்கள், பிளாஸ்க்கில் கஞ்சியோ டப்பாவில் இட்லியோ கையில் இருக்கட்டும். பழைய சீட்டுகளை ஒரே கவரில் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடுகிற மாத்திரையின் அட்டையையே எடுத்துப்போங்கள். ‘வெள்ளையா, சின்னதா இருக்கும்’ என்றால் எந்த எம்.டி.க்கும் புரியாது. சொல்ல வேண்டியதைத் துண்டுத்தாளில் எழுதிவைத்துக்கொண்டால் மூன்று நிமிடம் போதும். அவர் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.