“எனக்கென்ன கண்ணு வயசாயிப் போச்சு?” – மங்கலத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி

ராத்திரி எட்டே முக்கால் மணி. திருப்பூரில் ஏறிய டவுன் பஸ் ஆண்டிபாளையம் குளத்தைத் தாண்டி மங்கலம் ரோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை, பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் போடும் நாள். ஒன்றரை ஷிப்ட் முடித்து ஏறியவர்களில் பாதிப் பேர் கையில் பரோட்டா பார்சல். மீதிப் பேர் அக்கவுன்ட்டில் பணம் ஏறிவிட்டதா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போனது ஒரு பஞ்சாயத்துக்கு. மங்கலத்தில் எட்டுத் தறி போட்டு ஓட்டுகிற என் மாமா போன வாரம் போன் செய்தார். “உங்க அம்மாயிகிட்ட நீயாவது சொல்லு கண்ணு. அறுபத்தெட்டு வயசுல கும்மி ஆடப் போறேன்னு நிக்கிறாங்க. முட்டி வலின்னு போன மாசந்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஊருல என்ன பேசுவாங்க?”

முட்டி முதலில் வந்ததா, ஊர் முதலில் வந்ததா என்று நான் கேட்கவில்லை. பேசிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பழைய குற்ற உணர்ச்சி எட்டிப் பார்த்தது. ரெண்டு வருஷம் முன்பு தோழி பிறந்தநாளுக்காக பெங்களூரில் ஒரு நைட் கிளப்புக்குப் போயிருந்தோம். அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், சட்டையை டக்-இன் செய்துகொண்டு, கண்ணை மூடித் தனியாக ஆடிக்கொண்டிருந்தார். யாரையும் இடிக்கவில்லை, யாரையும் முறைக்கவும் இல்லை. நாங்கள் அவரை வீடியோ எடுத்து, ‘அங்கிள் மோடு’ என்று ஸ்டேட்டஸ் வைத்துச் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் கிளம்பிவிட்டார். எங்கள் போனைப் பார்த்தாரா என்று இன்றுவரை தெரியாது.

கிளப்புக்குப் போக வயது வரம்பு உண்டா என்ற கேள்வி உலகம் முழுக்க இருக்கிறது. 2017-ல் பிரிட்டனில் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தி, 37 வயதுக்கு மேல் கிளப்புக்குப் போவது பரிதாபம் என்று முடிவு சொன்னார்கள். நடத்தியது டி.வி., ஃபிரிட்ஜ் விற்கிற ஒரு கடை நிறுவனம்! நாம் வீட்டிலேயே உட்கார்ந்தால் அவர்களுக்குத்தானே வியாபாரம்? அதற்கடுத்த வருஷமே, டோக்கியோவில் கியோசா கடை நடத்திய சுமிகோ இவாமுரோ என்ற பாட்டி, 83 வயதில் உலகின் மிக வயதான கிளப் டிஜே என்று கின்னஸில் இடம்பிடித்தார். டிஜே பள்ளியில் அவர் சேர்ந்ததே எழுபதைத் தாண்டிய பிறகுதான்.

மங்கலத்தில் நைட் கிளப் கிடையாது. ஆனால், ஊர் தூங்குவதும் கிடையாது. எந்தச் சந்தில் நுழைந்தாலும் தறிச் சத்தம் ‘டக்கு டக்கு’ என்று கூடவே வருகிறது. அந்தச் சத்தத்துக்கு மேலாக அன்றைக்கு ஸ்பீக்கரில் ஒரு பாட்டு கேட்டது. கோயிலை ஒட்டிய காலி இடம், ரெண்டு ஃபோகஸ் லைட். பெரிய வட்டமாக எழுபது எண்பது பேர். அதுதான் வள்ளி கும்மிப் பயிற்சி.

கொங்குப் பக்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. வள்ளி – முருகன் கதையைப் பாட்டாகப் பாட, அதற்கு அடவு வைத்துக் கைகொட்டி ஆடுவது வள்ளி கும்மி. சில வாரங்கள், சில ஊர்களில் சில மாதங்கள்கூட, வேலை முடிந்த பிறகு ராத்திரியில் பயிற்சி நடக்கும். பிறகு எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்தி, காலில் சலங்கை கட்டி அரங்கேற்றம். ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடியது. அதில் பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தவர்களில் முக்கியமானவர், மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பன். 2024-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 87.

வட்டத்தில் என் அம்மாயியைத் தேடினேன். யூனிஃபார்மைக்கூட மாற்றாத ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கும், பவர்டேபிளில் தைத்துவிட்டு நேராக வந்திருந்த ஓர் அக்காவுக்கும் நடுவில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார். முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டி, செக்கிங் பார்த்தவர். அவர் கை பட்ட டி-ஷர்ட் எதையாவது மாட்டிக்கொண்டு ஐரோப்பாவில் யாரோ கிளப்பில் ஆடியிருப்பார்கள். அம்மாயி ஆடி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

நான் கவனித்த ஒன்று. கிளப்பில் எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறார்கள். இங்கே வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு அதற்கு நேரமே இல்லை. அடுத்த அடி எங்கே வைப்பது என்ற கவலைதான் எல்லோருக்கும். தப்பாக ஆடியதும் அதிகம் இளசுகள்தான். ‘வயசாயிடுச்சு’ என்பதை நம் காலுக்கு முன்னால் அடுத்தவர் கண்தான் முடிவு செய்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அதற்காக முட்டி பொய் சொல்லாது. பாட்டு வேகமெடுத்ததும் அம்மாயி ஓசைப்படாமல் விலகிக் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்தார். அங்கே ஏற்கெனவே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மெதுவான பாட்டுக்கு உள்ளே, வேகத்துக்கு வெளியே என்று ஆசிரியரே சொல்லிவிட்டாராம்.

“மாமா சொன்னாங்க...” என்று ஆரம்பித்தேன்.

“அவன் சொல்லுவான். வீட்டுல உக்காந்து சீரியல் பாத்தா மட்டும் முட்டி நோவாதா?” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எனக்கென்ன கண்ணு வயசாயிப் போச்சு? கதையில முருகனே கெழவனாத்தானே வாறாரு!”

நிஜம்தான். தினைப்புனத்துக்குக் கிழவர் வேஷத்தில் வரும் முருகனை வள்ளி கேலி செய்யும் கட்டம்தான் அன்றைய பாட்டு. கிழவராக ஆடுபவர் தள்ளாடும்போதெல்லாம் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படிக்கட்டில் இருந்த நாலு பேர் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

எல்லாமே அழகு என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. லைட் வெளிச்சம் முடிகிற இடத்தில், பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் வடமாநிலப் பையன்கள் ஏழெட்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கால் தாளத்துக்குத் தட்டிக்கொண்டே இருந்தது. யாரும் அவர்களை விரட்டவில்லை, வாங்க என்று கூப்பிடவும் இல்லை. கும்மி மேடைகள் சாதிப் பெருமை பேசப் பயன்படுகின்றன என்ற விமர்சனமும் கொங்கில் இருக்கிறது. வட்டத்துக்குள் நுழைய வயது தடையில்லை. மற்றது?

பத்தரைக்குப் பயிற்சி முடிந்தது. ஒரு அக்கா நோட்டு எடுத்து அரங்கேற்றச் சேலைக்குக் காசு வாங்க ஆரம்பித்தார். அம்மாயி இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, சுருட்டிய நோட்டுகளை ரெண்டு முறை எண்ணினார். குறைந்தது. மறுபடி எண்ணினார். மகனிடம் கேட்கவில்லை போல. மீதியை நான் ஜிபே செய்தேன். “திருப்பிக் குடுத்துருவேன்” என்றார், முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்கு நடக்கும்போது மாமா போன்.

“சொல்லிட்டியா கண்ணு?”

“சேலை அரக்கு கலருங்க மாமா. அரங்கேற்றத்துக்கு நீங்களும் வரோணும். வேகமான பாட்டுக்கு அம்மாயி உக்கார்ந்துக்குவாங்க, பக்கத்துல யாராச்சும் இருக்கோணுமில்ல?”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“எந்தக் கிழமை?” என்றார்.