துர்க்கத்துச் சுவர்

பிப்ரவரி 14, குன்னூர்

அண்ணன் மகன் நமீபியாவிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தான். ஏட்டோஷா வனவிலங்குப் பூங்காவின் கிழக்கு ஓரத்தில் வெள்ளைவெளேரென்று நிற்கும் நமுத்தோனி கோட்டை. ஜெர்மானியர்கள் கட்டியது. 1904 ஜனவரி 28 அன்று நெஹாலே என்ற ஒவாம்போ அரசரின் வீரர்கள் சுமார் 500 பேர் அதைத் தாக்கினார்கள். உள்ளே இருந்த ஏழு ஜெர்மானியர்களும் இரவோடிரவாகத் தப்பிவிட, கோட்டை தரைமட்டமானது. பிறகு மறுபடியும் கட்டினார்கள். "உங்க ஊர்ல இப்படி ஒண்ணு இருக்கா அத்தை?" என்று கேட்டிருக்கிறான்.

இருக்கிறது. நாளைக்குப் போகிறேன்.

பிப்ரவரி 15

நான்சச் எஸ்டேட் வரை ஜீப், அதற்கு மேல் நடை. தேயிலைக்கு நடுவே பாதை ஏறுகிறது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கூடையை இறக்காமலே கை காட்டினார்: "மேல மாடு நிக்குது. ஓடாதீங்கம்மா. நின்னுட்டா அது பாட்டுக்குப் போயிரும்."

மாடு என்றால் இங்கே காட்டுமாடு. இருபதடி தூரத்தில் நின்றது. தேயிலைச் செடி அதன் நெஞ்சு உயரம்தான். செடியைத் தொடவில்லை, நடுவில் முளைத்த புல்லைத்தான் மேய்ந்தது. ஒருமுறை தலையைத் தூக்கி மூச்சு விட்டது. மூக்கின் ஈரம் வெயிலில் மின்னியது. கால் மணி நேரம் அசையாமல் நின்றேன். பிறகு அதுவாகவே சரிவில் இறங்கிப் போனது.

உலிக்கல் துர்க்கம், பக்காசுரன் மலை. உயரம் சுமார் 6000 அடி. பெயரில் உள்ள உலி கன்னடத்து ஹுலி, அதாவது புலி; துர்க்கம் என்றால் கோட்டை. உச்சியில் மிச்சம் இருப்பது ஒரு சுவர்தான். ஒழுங்கில்லாத கற்கள், இடுக்குகளில் மரவேர், மேலே சாம்பல் நிறக் கல்பாசி. உள்ளங்கையை வைத்தேன், உச்சி வெயிலிலும் சில்லென்றிருந்தது. திப்பு சுல்தானின் ஆட்கள் ஏன் இங்கே காவல் இருந்தார்கள் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பக்கம் குன்னூர்ப் பள்ளத்தாக்கு, மறுபக்கம் மேட்டுப்பாளையம் சமவெளி. கீழே யார் நகர்ந்தாலும் மேலே தெரியும்.

1799-இல் திப்பு வீழ்ந்தபின் இந்த மலைப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. இருபது வருஷம் கழித்து மலையேறிய கலெக்டர் ஜான் சல்லிவன் பீரங்கியோடு வரவில்லை. கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் 1819-இல் வீடு கட்டினார். சிதைந்து கிடந்த அந்த வீட்டைச் சீரமைத்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம், மனமாரச் சொல்கிறேன். அந்த அக்கறையில் கால்வாசியாவது இந்தச் சுவருக்கும் வேண்டும். இன்னும் நான்கைந்து மழைக்காலம் தாங்குமா என்று பயமாக இருக்கிறது. கல்லில் பெயர் கீறியிருக்கிறார்கள்.

சுவரடியில் மூன்று மதுப் பாட்டில்கள், ஒன்று உடைந்தது. யானை கால் வைக்கும் பூமி இது. கண்ணாடி பாதத்தில் ஏறினால் புண் ஆறாமல் அணு அணுவாகச் சாகவும் கூடும். அதனால்தான் 2022 மே மாதம் நீலகிரியில் பாட்டிலுக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பினால் அதைக் கொடுக்கும் திட்டம் வந்தது. உடைந்த துண்டுகளைப் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டேன். விரலில் சின்னக் கீறல்.

இரவு

சுவரின் படத்தையும் காட்டுமாட்டின் படத்தையும் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "கோட்டை எங்கே அத்தை?"

அந்தச் சுவர்தான், நீ வரும்போது கூட்டிப் போகிறேன், சீக்கிரம் வா என்று எழுதினேன்.