கோட்டைக்குள் ஒரு பங்குனிப் பகல்

வசந்த காலம் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது, சகோதரிகளே? சினிமாவில் கதாநாயகனும் கதாநாயகியும் மரத்தைச் சுற்றி ஓடிப் பிடிக்கும் காட்சிதானே? அதெல்லாம் இருபது வயசுக்காரர்கள் சமாசாரம். நான் சொல்லப் போவது, கல்யாணமாகி முப்பது வருஷம் ஆன ஒரு தம்பதி, கையில் சாப்பாட்டுத் தூக்கும் குடையுமாக, ஒரு பெரிய பூங்காவில் பகல் முழுவதும் நடந்த கதை. அந்தத் தம்பதி நானும் என் வீட்டுக்காரரும்தான். நீங்களும் ஒரு நாள் அப்படிப் போய் வர வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எந்தப் பூங்கா என்று கேட்பீர்கள். லால்பாக் இல்லை, ஊட்டியும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில், புலியூர்க்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டை. கோட்டை என்றதும் பயந்து விடாதீர்கள். சுற்றிலும் கருங்கல் மதில், நடுவில் ஒரு குன்று, மற்றதெல்லாம் மரங்கள். உள்ளே ஏறக்குறைய 90 ஏக்கர் இருக்கும். வனத்துறையினர் இதைப் பல்லுயிர்ப் பூங்காவாக ஆக்கி, நூற்றுக்கு மேற்பட்ட மர வகைகளை வளர்த்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் பீரங்கி வார்த்த இடத்தில் இன்று பட்டாம்பூச்சி பறக்கிறது!

ஆனால் கோட்டைக்குப் போகு முன் நீங்கள் குளச்சலைப் பார்த்து விட வேண்டும். கோட்டையின் கதை அந்தக் கடற்கரையில்தான் தொடங்குகிறது.

குளச்சல் என் புக்ககம். என் கணவர் பிறந்து வளர்ந்த ஊர். உத்தியோகம் கிடைத்துச் சென்னைக்கு வந்தவர், வருஷத்துக்கு ஒரு தரம் போய் நாலு நாள் இருந்து விட்டு வருவார். சென்ற வருஷம் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். பிள்ளையும் பெண்ணும் அவரவர் குடித்தனத்தைப் பார்த்துக் கொண்டு போய் விட்டார்கள். அவசரமாகத் திரும்ப வேண்டிய தேவை இல்லாமல் நாங்கள் குளச்சலுக்குப் போனது இதுதான் முதல் தடவை.

காலையில் கடற்கரைக்குப் போனோம். கரையை விட்டுச் சற்றுத் தள்ளிக் கடலுக்குள் பாறைகள் தலை நீட்டிக் கொண்டிருக்கும். அலையின் வேகத்தை அவை தடுப்பதால், இயற்கையே கட்டிக் கொடுத்த துறைமுகம் என்று இதைச் சொல்வார்கள். வலை உலர்த்துகிறவர்கள், மீன் கூறு போட்டு விலை சொல்லும் பெண்கள், அவர்களைச் சுற்றிக் காக்கைக் கூட்டம்! 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப் பேரலை இந்தக் கரையிலிருந்து எத்தனையோ உயிர்களை வாரிக் கொண்டு போயிற்று. அப்படியும் அந்தக் கடலைத்தான் நம்பிப் பிழைக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஊரில் ஒரு வெற்றித் தூண் நிற்கிறது. 1741-ஆம் வருஷம் ஆகஸ்ட் 10-ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததன் ஞாபகச் சின்னம். சண்டை எதற்காக? மிளகுக்காக! ஆமாம், நாம் ரசத்துக்குத் தட்டிப் போடுகிறோமே, அதே மிளகுதான். மிளகு வியாபாரம் முழுவதும் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று டச்சுக் கம்பெனிக்கு ஆசை. அதற்கு இடையூறாக மகாராஜா வளர்ந்து கொண்டிருந்தார். இலங்கையிலிருந்து கப்பலில் படை வந்து குளச்சலில் இறங்கியது. முடிவில் அந்தப் படை சரணடைந்தது.

இந்தச் சண்டையைப் பற்றி ஊரில் ஒரு செவிவழிக் கதை உண்டு. பனைமரத் துண்டுகளை மாட்டு வண்டிகளில் பீரங்கி போல் சாய்த்து வைத்தார்களாம். மீனவர்கள் துடுப்புகளைத் துப்பாக்கி போல் தோளில் சாய்த்துக் கொண்டு கரையில் அணிவகுத்து நின்றார்களாம். கப்பலில் இருந்தவர்கள் அதைப் பார்த்து மிரண்டு போனார்களாம்! உண்மையோ, பொய்யோ, சொல்லும்போது குளச்சல்காரர்கள் முகத்தில் வரும் பெருமிதத்தை நீங்கள் பார்க்க வேண்டும். என் கணவருக்கும் அது வந்தது.

சிறைப்பட்டவர்களில் டிலனாய் என்று ஒருவர். வயது இருபத்தைந்து இருக்கும். அவர் கதையைக் கோட்டைக்குள் போய்ச் சொல்லுகிறேன்.

மறுநாள் நானும் அவரும் மட்டும் உதயகிரிக்குக் கிளம்பியபோது வீட்டில் ஒரே ஆச்சரியம். என் நாத்தனார் மூக்கில் விரலை வைத்து, “என்ன மைனி, ரெண்டு பேருமா? கூட யாரும் வேண்டாமா?” என்று கேட்டாள். யாராவது ஒரு குழந்தையையாவது துணைக்கு அனுப்பி விடுவாளோ என்று எனக்குப் பயமாகி விட்டது! நம் குடும்பங்களில் புருஷனும் பெண்சாதியும் தனியாக வெளியே போக வேண்டுமானால் ஆஸ்பத்திரி, இழவு வீடு என்று ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. காரணமில்லாமல் நடக்கப் போகிறோம் என்றால் யார் நம்புகிறார்கள்?

குளச்சலிலிருந்து இரணியல் வழியாகத் தக்கலைக்குப் பஸ் இருக்கிறது. பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர் தூரம்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து கொள்ளுங்கள். கும்பப்பூ அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் பொன்னாகக் காயும். அதை அடுத்துத் தென்னை, வாழை. தூரத்தில் நீல நிறமாக வேளிமலை. தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில் சிறிது தூரம் போனால் புலியூர்க்குறிச்சி. நுழைவுச் சீட்டு வாங்கிக் கொண்டு உள்ளே போக வேண்டியதுதான்.

உள்ளே காலை வைத்ததும் நீங்கள் கவனிக்கும் முதல் விஷயம் நிசப்தம். வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் அலறுகின்றன. மதிலைத் தாண்டி உள்ளே வந்ததும் அந்தச் சத்தம் மெள்ள அடங்கி, குயிலின் குரல் கேட்கிறது. மாவும் பலாவும் தேக்கும் நிழல் விரித்திருக்கின்றன. சித்திரைக் கணிக்கு வைப்போமே, அந்தக் கொன்றை, நாள் பிறப்பதற்குள் அவசரப்பட்டுப் பூத்து விட்டது. பங்குனி வெயில் இலைகளின் இடுக்கு வழியாகத் தரையெல்லாம் புள்ளிக் கோலம் போடுகிறது. யாரோ விடியற்காலையில் எழுந்து போட்டு வைத்தது போல அவ்வளவு நேர்த்தி!

மதிலைப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு இரண்டு, மூன்று பங்கு இருக்கும். வேணாட்டு அரசர் காலத்திலேயே இங்கே கோட்டை இருந்தது. குளச்சல் சண்டைக்குப் பிறகு அதை இவ்வளவு பலமாகத் திருப்பிக் கட்டும் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. யாரிடம் தெரியுமா? அந்தச் சண்டையில் கைதியாகப் பிடிபட்ட டிலனாயிடம்! சிறை பிடித்தவனையே நம்பி, “எனக்குக் கோட்டை கட்டிக் கொடு, படைக்குப் பயிற்சி கொடு” என்று சொல்ல ஒரு ராஜாவுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்த நம்பிக்கைக்கு டிலனாய் கடைசி வரை பாத்திரமாக இருந்தார். ஐரோப்பிய முறையில் படையைப் பழக்கினார். கோட்டைக்குள்ளே பீரங்கி வார்க்கும் உலைக்கூடம் அமைத்தார். படைத் தலைவராக உயர்ந்தார். ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய காப்டன், என்று ஜனங்கள் அவரை அழைத்தார்கள்.

இன்னும் கொஞ்சம் நடந்தால் மேற்கூரை இல்லாத ஒரு பழைய தேவாலயம். அங்கேதான் அவருடைய சமாதி. கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. லத்தீன் வாசகம், வழிப்போக்கனை நிற்கச் சொல்லித் தொடங்குகிறது. ஏறக்குறைய 37 வருஷம் அரசருக்குச் சேவை செய்து, காயங்குளத்திலிருந்து கொச்சி வரை உள்ள ராஜ்யங்களை அடக்கிக் கொடுத்தவர் என்றும், 62 வருஷம் 5 மாதம் வாழ்ந்து 1777-ஆம் வருஷம் ஜூன் முதல் தேதி இறந்தார் என்றும் சொல்லுகிறது. மார்கரிட்டா என்ற அவர் மனைவியும், ஒரே மகனும் அங்கேயே அடக்கமாகி இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை 1765-ல் களக்காட்டுச் சண்டையில் இறந்தபோது வயது சுமார் இருபது.

சரித்திரத்தில் கப்பித்தானைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் உண்டு. மார்கரிட்டாவைப் பற்றி? தேடித்தான் பார்க்க வேண்டும். இந்த மதிலுக்குள் அந்த அம்மாள் எப்படிக் குடித்தனம் செய்தாளோ? கணவர் கொச்சியில் சண்டை, காயங்குளத்தில் சண்டை என்று போகும் போதெல்லாம் எந்த வாசலில் நின்று வழி பார்த்தாளோ? நம்மில் ஒருத்தியாக அவளை நினைத்துக் கொண்டு, பக்கத்து மரத்தடியில் சிறிது நேரம் உட்கார்ந்தேன்.

அப்போது என் கணவர் கேட்டார்: “முப்பத்தேழு வருஷத்திலே அந்த மனுஷனுக்கு ஒரு நாளாவது சொந்த ஊருக்குப் போகணும்னு தோணியிருக்காதா?”

“தோணியிருக்கும். போக முடியவில்லையோ என்னமோ” என்றேன்.

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. காய்ந்த இலை ஒன்றைக் கையில் வைத்து நரம்பு நரம்பாகக் கிழித்துக் கொண்டிருந்தார். பிறகு, “எனக்கும் தோணிக்கிட்டுதான் இருக்கு. இங்கேயே வந்து இருந்திடலாம்னு. சென்னைக்குப் போன முதல் வருஷத்திலேருந்தே தோணுது” என்றார்.

சகோதரிகளே, முப்பது வருஷமாக ஒரே வீட்டில், ஒரே கூரைக்கடியில் இருக்கிறோம். அவருக்குக் காப்பியில் எவ்வளவு சர்க்கரை, சட்டையில் எந்தப் பொத்தான் தளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இந்த ஒன்று தெரியாது. அவர் சொன்னதே இல்லை. பால் கணக்கு, பள்ளிக்கூடச் சம்பளம், பெண்ணின் கல்யாணம் இவற்றுக்கு நடுவே அவர் எப்போதுதான் சொல்ல முடியும்?

எனக்கு உடனே ‘சரி’ என்று சொல்ல வாய் வரவில்லை. என் பிள்ளை சென்னையில் இருக்கிறான். பேத்தி அங்கே இருக்கிறாள். என் அக்கா இருக்கிறாள். முப்பது வருஷமாக நான் கோலம் போட்ட வாசல் இருக்கிறது. அதையும் அவரிடம் சொன்னேன். கோபமில்லாமல் கேட்டார். “நீ சொல்றதும் நியாயந்தான், கேட்டியா?” என்றார். சென்னையில் ஒரு நாளும் அவர் ‘கேட்டியா’ என்று பேசி நான் கேட்டதில்லை!

பேசிக் கொண்டே மதிலோரமாக நடந்தோம். இதே சுவரருகில் பையனாக வந்து மாங்காய் அடித்ததையும், அவர் அம்மா ஓலைப் பெட்டியில் அவித்த மரச்சீனி கட்டிக் கொடுத்ததையும் சொன்னார். மாமியாரை எனக்குப் படத்தில்தான் தெரியும். அன்றைக்குத்தான் அந்த அம்மாள் எனக்குப் பழக்கமானாள்.

வெளியே வந்ததும் தாகத்துக்கு அக்கானி குடித்தோம். நாம் பதநீர் என்கிறோமே, அதற்கு இங்கே அக்கானி என்று பெயர். விற்ற பாட்டி எங்களை மேலும் கீழும் பார்த்து விட்டு, “எங்கேயிருந்து வாறீங்க மக்களே?” என்று கேட்டாள். “குளச்சல்” என்றார் என் கணவர். நான் “மெட்ராஸ்” என்றேன். இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. பாட்டி பொக்கை வாயைத் திறந்து சிரித்து விட்டாள்!

இனி, போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பொழுது ஏறு முன் போய் விடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் சுடும். புளிச்சாதமும் தயிர்சாதமும் கட்டிக் கொண்டு போகலாம். கூடவே ஒரு சீப்பு மட்டிப் பழம் வாங்கிக் கொள்ளுங்கள். சின்னப் பழம், மணம் பெரிது; இந்த மாவட்டத்துக்கே உரியது. குடிதண்ணீர் அவசியம். இலையையும் காகிதத்தையும் அங்கே போட்டு விட்டு வராதீர்கள்.

மிச்ச நேரத்துக்கும் வழி இருக்கிறது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த பத்மநாபபுரத்து அரண்மனை அருகில்தான், மர வேலைப்பாட்டுக்குப் பெயர் போனது, திங்கட்கிழமை விடுமுறை. வேளிமலை அடிவாரத்தில் குமாரகோயிலும் அதிக தூரமில்லை. முருகன் வள்ளியை மணந்த மலை இதுதான் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. பங்குனியில் திருக்கல்யாணம் நடக்கும். குறவர்கள் மாப்பிள்ளையை எதிர்த்துச் சண்டை போடுவதாக ஒரு விசேஷமும் உண்டு. சண்டை போட்டு விட்டுத்தான் கல்யாணம் நடக்கிறது, பாருங்கள்!

இவையெல்லாவற்றையும் விட முக்கியமான குறிப்பு ஒன்று: துணைக்கு யாரையும் அழைத்துப் போகாதீர்கள். குழந்தைகளைப் பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ ஒரு பகல் விட்டு வைத்தால் ஒன்றும் குடி முழுகி விடாது. உதயகிரிக்கு வர முடியாதவர்கள் உங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போங்கள், மலையடிவாரத்துக்குப் போங்கள். பேச வேண்டும் என்று தீர்மானித்துக் கொண்டு போகாதீர்கள். வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் நடந்து போங்கள். பேச்சு தானாக வரும்.

எங்கள் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? இன்னும் தீர்ப்பாகவில்லை. வருஷத்தில் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று இப்போதைக்குப் பேச்சு. ஆடிக் காற்று அடிக்கும்போது குளச்சலில் இருக்கலாம் என்கிறார் அவர். பேத்திக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற மாசம் மட்டும் சென்னையில் இருக்க வேண்டும் என்கிறேன் நான். அடுத்த பங்குனியில் மறுபடி கோட்டைக்குப் போய் மிச்சத்தைப் பேசிக் கொள்வதாக இருக்கிறோம்.