திரை காட்டும் நிறம் மெய்தானா?



ஆண்டு இறுதி நெருங்கினால் தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டு மலர் வேலைகள் சூடுபிடித்துவிடும். வகுப்புப் படங்கள், விளையாட்டுப் போட்டிப் படங்கள், மாணவர் வரைந்த ஓவியங்கள் அனைத்தும் ஏதோவோர் ஆசிரியரின் கணினித் திரையில்தான் சரிபார்க்கப்படுகின்றன. அந்தத் திரையே தவறாகக் காட்டினால் என்னவாகும்? இன்று அதைப் பற்றித்தான் சிந்திக்கப்போகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பள்ளியின் மலரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வகுப்புப் படத்தில் வெள்ளைச் சட்டைகள் பளிச்சென்று தெரிந்தன; முகங்களோ இருளில் மூழ்கிக் கிடந்தன. பக்கத்தில் நின்ற நான்காம் ஆண்டு மாணவி படத்தில் விரலை நகர்த்தித் தேடிவிட்டு, "டீச்சர், இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள். அடுத்த ஆண்டு மலரில் அக்குறையைப் போக்க எண்ணி, எல்லா முகங்களையும் வெளுக்க வைத்திருந்தார்கள். சுண்ணாம்பு பூசியதைப் போலிருந்த அந்த முகங்களிலும் எம் பிள்ளைகளைக் காணவில்லை. மாநிறமும் கருநிறமும் திருத்தப்பட வேண்டிய பிழைகள் அல்ல. அவற்றை உள்ளபடியே அச்சிடுவதுதான் நம் கடமை.

இச்சிக்கல் புதியதன்று. 1950களில் தொடங்கி, கோடாக் நிறுவனம் புகைப்பட அச்சுக்கூடங்களுக்கு 'ஷெர்லி அட்டை' என்ற மாதிரி அட்டையை வழங்கிவந்தது. அதிலிருந்தவர் வெள்ளையினப் பெண். அவர் முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று கொண்டார்கள். கறுத்த முகங்களின் நுட்பங்கள் படங்களில் காணாமற்போனதற்கு இதுவும் ஒரு காரணம். பல இனப் பெண்கள் இடம்பெற்ற அட்டை 1990களில்தான் வந்தது. அளவுகோல் யாருக்காகச் செய்யப்பட்டது என்பது எவ்வளவு முக்கியம் பாருங்கள்!

இன்றைய திரைக்கு வருவோம். கடையில் பலவற்றுக்கிடையே கண்ணைக் கவர வேண்டுமென்பதால், பல திரைகள் மிகுந்த வெளிச்சத்தோடும் நீலம் தூக்கலாகவும் அமைக்கப்பட்டு வருகின்றன. அத்தகைய திரையில் இருண்ட படமும் போதிய வெளிச்சத்தோடு இருப்பதாகத் தோன்றும். திருத்துபவர் அப்படியே விட்டுவிடுவார். ஆனால், தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. தன்மீது விழும் ஒளியைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. ஆகவே, அச்சில் முகங்கள் கறுத்துப்போகின்றன. அச்சகத்தாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

செலவின்றிச் செய்யக்கூடியவை சில உள்ளன. முதலில் திரையைத் துடைத்து, அரைமணி நேரம் எரியவிடுங்கள். இரவுநேர மஞ்சளொளி வசதியையும், அறை வெளிச்சத்திற்கேற்பத் தானே மாறும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். திரையின் பட்டியலில் நிற வெப்பநிலையை 6500 கெல்வினுக்கு மாற்றுங்கள். 1999இல் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்ட எஸ்ஆர்ஜிபி நிறவெளி இந்த வெண்மையையே அடிப்படையாகக் கொண்டது. பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்கு அருகில் பிடியுங்கள். திரையின் வெண்மை விளக்கைப் போல ஒளிராமல், தாளின் வெண்மையோடு ஒத்துவரும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள்.

அடுத்தது காமா என்னும் அளவு. கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும் மெல்லிய கோடுகளைச் சற்றுத் தொலைவிலிருந்து பார்த்தால் அவை ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றும். 0 முதல் 255 வரையிலான எண்களில் அதனோடு பொருந்தும் சாம்பல் 128 என்றுதான் பலர் எண்ணுவார்கள். காமா 2.2 உள்ள திரையில் அது ஏறக்குறைய 186. இரண்டும் பொருந்தாவிட்டால் இடைப்பட்ட நிறங்கள் யாவும் பிசகும். மாநிற முகங்கள் பெரும்பாலும் அந்த இடைப்பட்ட நிறங்களில்தான் அமைந்திருக்கின்றன! இதைச் சரிசெய்ய உதவும் வசதி, 2009இல் வந்த விண்டோஸ் 7 முதற்கொண்டு கணினியிலேயே இருக்கிறது.

இருப்பினும், கண்ணை முழுமையாக நம்புவதற்கில்லை. நீலம் பாய்ந்த திரையையும் சில நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே வெண்மை என்று கண் பழகிவிடும். அதனால்தான் தொழில்முறையாளர்கள் நிறமானியைப் பயன்படுத்துகிறார்கள். திரையின்மீது தொங்கவிடப்படும் அச்சிறு கருவி, மென்பொருள் காட்டும் நிறக் கட்டங்களை ஒவ்வொன்றாக அளக்கும். எந்த நிறம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் கணித்து, அந்தத் திரைக்கென ஒரு நிறவிவரக் கோப்பை உருவாக்கித் தரும். திரைகள் காலப்போக்கில் மாறுவதால், மாதத்திற்கொரு முறை அளப்பது நன்று. பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரு கருவி வாங்கினால் எல்லாருக்கும் போதும்.

இவ்வளவும் செய்தாலும் திரையும் தாளும் இரட்டைப் பிள்ளைகளாகிவிடா. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கலக்கிறது; அச்சு இயந்திரமோ நீலப்பச்சை, இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு மைகளைக் கலக்கிறது. மாணவர் கணினியில் தீட்டும் பளீரென்ற பச்சையை இந்த மைகளால் கொண்டுவர இயலாது. எனவே, முழு அச்சுக்கு ஒப்புதல் தருமுன் ஒரு மாதிரிப் பக்கத்தைக் கேட்டு வாங்கிச் சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். படத்திலுள்ள மாணவர் ஒருவரையும் பக்கத்தில் நிற்கவைத்துப் பாருங்கள். அதைவிடச் சிறந்த மாதிரி அட்டை வேறில்லை.

தன் முகத்தைத் தன் நிறத்திலேயே அச்சில் காணும் குழந்தை, அது மறைக்க வேண்டியதன்று என்பதையும் சொல்லாமலே கற்றுக்கொள்கிறது. மலர்க்குழுவில் இருக்கும் ஆசிரிய நண்பர்களே, இவ்வாண்டு வேலையைத் தொடங்கும் முன் உங்கள் திரைக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.