போர் தணிந்த ஊரில் பிடிவாதம் பிடிக்கும் போல்ட்!

சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில் சுமார் 85 கிலோமீட்டர் வந்தால் திருத்தணி. மலையைப் பார்த்ததும் பஸ்ஸில் இருப்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். லாரி டிரைவர்கள் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கும்பிடுவார்கள். அதில் சிலருக்கு, கும்பிட்ட கையோடு வண்டியை ஓரம் கட்ட வேண்டிய நிலையும் வரும். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அடியில் 'கிரீச்' என்று சத்தம் வரும்.

சாலையோரப் பட்டறையில் மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்வது பெரும்பாலும் ஒரே வரிதான். "ஷேக்கிள் போல்ட் பிடிச்சிடுச்சுண்ணே!"

டிரைவர் நகரி, புத்தூர் பக்கத்து ஆளாக இருந்தால் "பட்டேசிந்தி" என்று தெலுங்கில் சொன்னால் போதும். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். இரும்பு இரும்பைப் பிடித்துக்கொண்டது. இந்த ஊருக்கு இரண்டு மொழியும் சொந்தம். ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மாநிலம் மாறினாலும் பேச்சு மாறவில்லை. கடைத்தெருவிலும் பட்டறையிலும் இன்றும் இரண்டும் கலந்தே ஒலிக்கும்.

ஒரு போல்ட்டுக்கு இவ்வளவு அக்கறையா?

'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பார்கள். லாரிக்கும் அதே கதைதான். பழைய லாரிகளில் பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்தான் மொத்த பாரத்தையும் தாங்குகிறது. பாரம் அழுத்தும்போது வளைந்திருக்கும் பட்டை நிமிர்ந்து சற்றே நீளும். அப்படி நீள இடம் கொடுப்பதற்காகத்தான் அதன் ஒரு முனையை ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பில் மாட்டியிருக்கிறார்கள். சின்ன ஊஞ்சல் மாதிரி அது முன்னும் பின்னும் ஆடும். அந்த ஊஞ்சலின் ஆணிதான் இந்த போல்ட்.

கிரீஸ் காய்ந்து, மழைத் தண்ணீரும் சேறும் உள்ளே புகுந்தால் துரு பிடிக்கும். சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கடி போய்வரும் வண்டி என்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். போல்ட்டுக்கும் துளைக்கும் நடுவே அது ஊதிப் பெருத்து ஆப்பு அடித்ததுபோல் இறுக்கிவிடும். அப்புறம் ஊஞ்சல் ஆடாது. நீள இடமில்லாத பட்டை ஒருநாள் முறியும். ஓடும்போது மெயின் பட்டை முறிந்தால் அச்சு விலகி, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். திருப்பதிக்கும் திருத்தணிக்கும் குடும்பம் குடும்பமாக வேன்கள் போகும் சாலையில் அது எவ்வளவு பெரிய ஆபத்து!

அடித்தால் உடையும், காத்தால் கழலும்

டிரைவருக்கோ அவசரம். சரக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் வாடகை போச்சு. காய்கறி என்றால் அழுகும். "சம்மட்டியால ஒண்ணு போடுங்கண்ணே" என்பார். அனுபவம் உள்ள மெக்கானிக் உடனே சம்மட்டியைத் தூக்க மாட்டார். ஆத்திரத்தில் அடித்தால் போல்ட்டின் தலை மட்டும் முறிந்து, உடல் உள்ளேயே தங்கிவிடும். ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகிவிடும்.

முதலில் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் வண்டியைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் உறுதியான தாங்கி கொடுப்பார். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. அடுத்து போல்ட்டின் மேல் இருக்கும் பாரத்தைக் குறைப்பார். பாரம் அழுத்திக்கொண்டிருக்கும்வரை எந்த போல்ட்டும் அசையாது. கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயோ டீசலோ விட்டு ஊறவைப்பார். நடுநடுவே சுத்தியலால் லேசாகத் தட்டுவார். அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். இரவு முழுக்க ஊறினால் இன்னும் நல்லது.

பிறகு ஸ்பானரில் நீளமான பைப்பைச் செருகித் திருப்புவார். நட்டைக் கழற்றும் பக்கம் மட்டுமல்ல, கொஞ்சம் இறுக்கும் பக்கமும் திருப்புவார். அப்படி முன்னும் பின்னும் அசைத்தால்தான் துருவின் பிடி உடையும்.

அதற்கும் மசியாவிட்டால் கடைசியாக கேஸ் நெருப்பு. சுற்றியிருக்கும் எண்ணெயைத் துடைத்து, டீசல் டேங்க், பிரேக் டியூப் எல்லாம் எட்ட இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பற்றவைப்பார். சூடு போல்ட்டுக்கு அல்ல, அதைப் பிடித்திருக்கும் துளைக்கு. 20 மில்லிமீட்டர் துளையை 300 டிகிரி சூடாக்கினால் அது விரிவது 0.07 மில்லிமீட்டர்தான். ஒரு தலைமுடியின் தடிமன்! அந்த இடைவெளி கிடைத்தாலே போல்ட் அசைந்துவிடும். ஆனால் ஸ்பிரிங் பட்டையில் சூடு ஏறக் கூடாது. ஏறினால் அதன் முறுக்கு போய்விடும்.

இங்கே கோபத்துக்கு இடமில்லை

செரு என்றால் போர். சூரனோடு நடந்த போரில் எழுந்த முருகனின் கோபம் தணிந்த இடம் என்பதால் 'செருத்தணி' என்று பெயர் வந்து, அதுவே திருத்தணி ஆனது என்பார்கள். ஆறுபடை வீடுகளில் இது ஐந்தாவது. மற்ற முருகன் தலங்களில் கந்த சஷ்டிக்கு சூரசம்ஹாரம் நடக்கும்; இங்கே நடக்காது. அன்று முருகனுக்கு மலர்களால் அர்ச்சனைதான். மலைமேல் உள்ள அந்த வழக்கம் அடிவாரத்துப் பட்டறைக்கும் பொருந்தும். கோபத்தில் உடைவது பொறுமையில் கழலும்.

கழற்றிய பழைய போல்ட்டைத் திரும்ப மாட்டக் கூடாது. நெருப்பும் அடியும் பட்ட இரும்பை நம்ப முடியாது. தேய்ந்த புஷ்ஷையும் மாற்றி, புது போல்ட் போட்டு, புதுக் கிரீஸ் வழியும்வரை அடிக்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்துவந்தால் சம்மட்டிக்கும் நெருப்புக்கும் வேலையே இருக்காது. கிரீஸுக்கு ஆகும் செலவு, வழியில் நிற்கும் ஒரு நாள் நஷ்டத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வேலை முடிந்ததும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வண்டி கிளம்பும். நேரம் இருக்கும் டிரைவர்கள் மலையேறிவிட்டுத்தான் போவார்கள். ஆண்டின் நாள்களைப் போல 365 படிகள். அதையும் ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும்.

எப்படிப் போவது?

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் வழியாக ரயில் உண்டு. சென்னை, திருப்பதி, அரக்கோணத்திலிருந்து பஸ் வசதி இருக்கிறது. படியேற முடியாதவர்கள் மலைப்பாதையில் வாகனத்திலேயே மேலே போகலாம். ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 இரவு நடக்கும் படித் திருவிழாவுக்கும் கூட்டம் அலைமோதும். சொந்த வண்டியில் போகிறவர்கள் கிளம்பும் முன் ஒருமுறை அடியிலும் குனிந்து பார்த்துவிடுங்கள்!