விராலும் ஒரு மன்னிப்பும்



நேற்று நெடுங்காடு பக்கம் போனேன். குளம் வற்றி முழங்கால் தண்ணீர்தான். பையன்கள் சேற்றில் இறங்கி மீன் தடவிக்கொண்டிருந்தார்கள். பழைய கணக்கு ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

1988. ஐந்தாம் வகுப்பு அறிவியல். "மீன் செவுளால் சுவாசிக்கும், தண்ணீரை விட்டு எடுத்தால் செத்துவிடும்" என்று நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். "சார், விரால் சாவாது சார். நேத்து புடிச்சது ஈரச்சாக்குல இன்னும் முழிச்சிக்கிட்டு கெடக்கு." வகுப்பே சிரித்தது. எதிர்த்துப் பேசுகிறான் என்று அவனை மணி அடிக்கும்வரை நிற்க வைத்தேன்.

அந்த மே மாதம் அவனே என்னைக் குளத்துக்குக் கூட்டிப்போனான். குத்தகைக்காரர் வலை போட்டு முடித்து, ஊராருக்கு விட்டிருந்த நேரம். வெயில் ஏறினால் ஓரத்துத் தண்ணீர் கொதிக்கும். மீன் ஆழமான கசத்துக்கும் ஆம்பல் இலை நிழலுக்கும் போய்விடும். "குமிழியைப் பாருங்க சார்" என்றான். ஒரு 'பொளக்'. விரால் காற்றுக் குடித்துவிட்டு இறங்குகிறது. அசையாமல் நின்றால் கொஞ்ச நேரத்தில் அதே பக்கம் மறுபடி வரும். அவன் ஊத்தாவைக் குத்தி, மேல்வாய் வழியாகக் கை விட்டான். விரால்! நான் கை விட்டபோது கிடைத்தது தேளி. முள் ஏறி, ராத்திரி முழுக்க வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (எனக்கு அது வேண்டியதுதான் என்றாள் வீட்டுக்காரி.)

பிறகுதான் தேடிப் படித்தேன். விராலுக்குச் செவுளுக்கு மேலே காற்றுக்கென்று தனி அறை உண்டு. மேலே வரவிடாமல் வலையில் சிக்கவைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். பனையேறிக் கெண்டையும் அதே ஜாதி. நம் பக்கத்துத் தரங்கம்பாடியில் 1791-ல் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, குளக்கரைப் பனையில் தண்ணீருக்கு ஐந்தடி மேலே அதைப் பிடித்ததாக எழுதி, 1797-ல் அது லண்டன் லின்னேயன் சங்கத்தில் வெளியானது. பருந்தோ காக்கையோ தூக்கிப்போட்டிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் ஈரத்தரையில் அது செவுள் மூடியை ஊன்றி நகர்வதை நானே பார்த்திருக்கிறேன்.

படித்த பிறகும் வகுப்பில் நான் சொன்னதைத் திருத்தவில்லை. அடுத்த வருஷம் "சில மீன்கள் தவிர" என்று சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவன் பெயரைச் சொல்லவில்லை. அதற்குள் அவன் படிப்பை நிறுத்திவிட்டு, அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டான்.

தம்பி, இப்போது எங்கே இருக்கிறாயோ தெரியாது. உன்னோடு படித்தவர்கள் இந்தப் பதிவைப் படிப்பார்கள், உன்னிடம் காட்டுவார்கள். அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி. வீடு அதே வீடுதான்; மேட்டூர்த் தண்ணீர் வந்து குளம் நிரம்புவதற்குள் ஒருநாள் வா.